புசுபுசு சமோயெட் நாயை வளர்ப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

சமோயெட் குட்டியின் படத்தைப் பார்த்துவிட்டு 'இப்படி ஒன்று வாங்கினால் என்ன' என்று ஒரு நொடியாவது யோசிக்காதவர்கள் குறைவு. வெள்ளை வெளேரென்ற ரோமம், முதுகின் மேல் சுருண்டு கிடக்கும் வால், உதட்டோரம் மேலே வளைந்து எந்நேரமும் சிரிப்பது போன்ற முகம். ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் படத்தில் தெரியாத இரண்டு விஷயங்களை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஒன்று, இது அழகுக்காக உருவான நாய் இல்லை. வடமேற்கு சைபீரியாவில் நெனெட்ஸ் போன்ற மக்கள் துருவ மான்களை மேய்க்கவும், பனியில் வண்டி இழுக்கவும், இரவில் கூடாரத்துக்குள் தங்கள் பக்கத்தில் படுக்கவைத்துக் குளிர் காயவும் வளர்த்த நாய். நாள் முழுக்க வேலை, ராத்திரி முழுக்க மனிதர்களோடு. இன்று வீட்டில் வளரும் சமோயெட்டும் இந்த இரண்டையும் எதிர்பார்க்கிறது.

இரண்டாவது, அந்த ரோமம் ஒரு திரை. உள்ளே நாய் மெலிந்திருக்கிறதா, கொழுத்திருக்கிறதா, தோலில் புண் இருக்கிறதா, உண்ணி கடித்துக்கொண்டிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வெளியே பஞ்சு மாதிரி இருக்கும். அடியில் தோல் புழுங்கிக்கொண்டிருக்கும். அதனால் இந்தக் கட்டுரையில் பல இடங்களில் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்: கண்ணை நம்பாதீர்கள், கையால் தொட்டுப் பாருங்கள்.

ஹஸ்கி, பொமரேனியன், ஜப்பானிய ஸ்பிட்ஸ் என்று இரட்டை அடுக்கு ரோமம் உள்ள மற்ற நாய்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

படி 1: வாங்கும் முன் நேரத்தைக் கணக்குப் போடுங்கள்

வளர்ந்த ஆண் நாய் ஏறக்குறைய 20 முதல் 30 கிலோ. தோள் உயரம் 53 முதல் 60 சென்டிமீட்டர். பெண் நாய் 16 முதல் 23 கிலோ. சராசரியாக 12 முதல் 14 ஆண்டுகள் வாழும். இன்று பள்ளியில் சேரும் பிள்ளை படிப்பை முடிக்கும்வரை உங்களோடு இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சாதாரண நாளில் வெளியே நடை, ஓட்டம் என்று ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வேண்டும். மூளைக்கு வேலை கொடுக்கக் கால் மணி நேரம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஆழமாகச் சீவ வேண்டும். முடி கொட்டும் பருவத்தில் தினமும். மழை பெய்தாலும், உங்களுக்கு உடம்பு முடியாவிட்டாலும், இதை யாராவது செய்தே ஆக வேண்டும். அந்த 'யாராவது' யார் என்று குடும்பத்தில் பெயர் சொல்லி முடிவு செய்துவிட்டு மேலே படியுங்கள்.

அடுத்து, தனிமை. காலையில் எல்லோரும் கிளம்பிப் போய் இருட்டிய பிறகு திரும்பும் வீடு என்றால், என் கருத்தில் இந்த இனம் வேண்டாம். தனியாக விடப்பட்ட சமோயெட் குரைக்கும், தோண்டும், சோபாவைக் கிழிக்கும். அது சேட்டை செய்யவில்லை, வேலையில்லாமல் தவிக்கிறது. குரல் வேறு கூர்மையானது. சுவர் பகிர்ந்து வாழும் குடியிருப்பில் இருந்தால் பக்கத்து வீட்டாரையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

'சமோயெட்டால் ஒவ்வாமை வராது' என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பி வாங்காதீர்கள். ஒவ்வாமையைத் தூண்டும் புரதங்கள் நாயின் எச்சிலிலும், உதிரும் தோல் துகளிலும், சிறுநீரிலும் இருக்கின்றன. வீட்டில் யாருக்காவது மூச்சிரைப்போ தும்மலோ இருந்தால், இந்த இன நாய் உள்ள வீட்டுக்குச் சில தடவை போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

படி 2: குட்டியைப் பார்க்கும் முன் காகிதங்களைப் பாருங்கள்

குட்டியைக் கையில் வாங்கிவிட்டால் பிறகு யாராலும் நிதானமாகக் கேள்வி கேட்க முடியாது. அதனால் கேள்விகளை முதலில் முடித்துவிடுங்கள்.

இந்த இனத்துக்கென்றே ஒரு பரம்பரைச் சிறுநீரக நோய் உண்டு. சிறுநீரகத்தின் வடிகட்டிச் சவ்வில் உள்ள கொலாஜன் புரதம் பழுதாக உருவாவதுதான் காரணம். அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண் குட்டிகளைத்தான் மோசமாகத் தாக்கும். பாதிக்கப்பட்ட ஆண் நாய்கள் பெரும்பாலும் 15 மாத வயதைத் தாண்டுவதில்லை. தாய் இந்த மரபணுவைச் சுமந்துகொண்டு வெளியில் ஆரோக்கியமாகவே தெரியலாம். அப்படிப்பட்ட தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு ஆண் குட்டிக்கும் நோய் வர ஐம்பது சதவீத வாய்ப்பு. இதற்கு டி.என்.ஏ. பரிசோதனை இருக்கிறது. ஆகவே தாயின் பரிசோதனை முடிவைக் கேளுங்கள். 'எங்கள் நாய்களுக்கு அதெல்லாம் வராது' என்ற பதில் வந்தால் மரியாதையாக நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

இதோடு தாய், தந்தை இரண்டுக்கும் இடுப்பு மூட்டு எக்ஸ்ரே சான்றும், கண் மருத்துவப் பரிசோதனையும் இருக்க வேண்டும். விழித்திரையும் கால் எலும்பும் சேர்ந்து பாதிக்கப்படும் ஒரு பரம்பரைக் குறைபாட்டுக்கும் டி.என்.ஏ. பரிசோதனை உண்டு.

வெள்ளை, கிரீம், வெள்ளையோடு கலந்த பிஸ்கட் நிறம்: சமோயெட்டின் இனத் தரம் ஏற்கும் நிறங்கள் இவ்வளவுதான். 'அபூர்வக் கறுப்பு', 'மினி சமோயெட்' என்று யாராவது கூடுதல் விலை சொன்னால், உங்களுக்கு விற்கப்படுவது வேறு ஏதோ ஒன்று. தாய் நாயை நேரில் பார்த்துப் பழகிப் பாருங்கள். அந்நியரைக் கண்டு ஒடுங்கும் தாயின் குட்டியும் ஒடுங்கும் இயல்போடு வளர வாய்ப்பு அதிகம். 8 வாரம் முடியும் முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து வாங்கவே கூடாது.

குட்டிதான் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கவனிக்க முடியாமல் கைவிடப்பட்ட வளர்ந்த சமோயெட்டுகள் மீட்பு அமைப்புகளிடம் வருவதுண்டு. குணம் தெரிந்த, கழிப்பறைப் பழக்கம் முடிந்த நாயாகக் கிடைத்தால் பாதி வேலை குறையும்.

படி 3: முதல் இரண்டு மாதங்கள்

குட்டியின் மனம் புதியவற்றைப் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் பருவம் ஏறக்குறைய 3 வாரத்தில் தொடங்கி 14 வாரத்தில் மூடத் தொடங்குகிறது. நீங்கள் 8 வாரத்தில் வாங்கினால் கையில் இருப்பது ஆறு வாரம்தான். அந்தச் சமயத்தில் தடுப்பூசி வரிசையும் முடிந்திருக்காது. 16 வாரம் வரை அல்லது அதற்கும் மேல் அது தொடரும். அதற்காக வீட்டிலேயே பூட்டி வைக்க வேண்டாம். தெரியாத நாய்கள் நடமாடும் தரையில் இறக்காமல் தூக்கிக்கொண்டு போங்கள். வண்டிச் சத்தம், தொப்பி போட்டவர்கள், குழந்தைகள், குடை என எல்லாவற்றையும் பார்க்கட்டும். தடுப்பூசி போட்ட, சாதுவான வளர்ந்த நாய்களோடு பழகட்டும்.

இந்த வாரங்களில் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய முதலீடு, தொடுதலைப் பழக்குவது. குட்டி ரோமத்துக்குப் பெரிதாகச் சீவல் தேவைப்படாது. ஆனாலும் தினமும் இரண்டு நிமிடம் பக்கவாட்டில் படுக்க வைத்து, பிரஷ்ஷால் தடவி, ஒரு துண்டு தின்பண்டம் கொடுங்கள். பாதத்தைப் பிடியுங்கள், விரல்களை விரியுங்கள், காதுக்குள் பாருங்கள், உதட்டைத் தூக்கிப் பல்லைத் தொடுங்கள். முடி உலர்த்தும் டிரையரை அடுத்த அறையில் ஓடவிட்டு, அந்தச் சத்தம் கேட்கும்போது தின்பண்டம் கொடுத்து, நாளாக நாளாகப் பக்கத்தில் கொண்டு வாருங்கள். 25 கிலோ நாய் டிரையரைக் கண்டு ஓடும்போது இரண்டு பேர் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கும். இப்போது செலவிடும் இரண்டு நிமிடம் அதைத் தவிர்க்கத்தான்.

கழிப்பறைப் பழக்கம் எல்லாக் குட்டிகளுக்கும் போலத்தான்: தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே கூட்டிப் போங்கள். வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால், அதிகபட்சம் அத்தனை மணி நேரம் அடக்கும்.

கடிப்பதும் இருக்கும். பால்பற்கள் 28 விழுந்து நிலைப்பற்கள் 42 முளைத்து முடிய ஆறேழு மாதம் ஆகிவிடும். மேய்ச்சல் நாயின் வாரிசு என்பதால் ஓடும் குழந்தைகளின் குதிகாலைக் குறிவைக்கும். கத்தாமல் விளையாட்டை நிறுத்திவிட்டு, கடிக்க வேறொரு பொருளைக் கொடுங்கள்.

படி 4: ரோமம்

இங்கேதான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. வளர்ப்பவர்கள் சலித்துப்போகும் இடமும் இதுதான்.

சமோயெட்டுக்கு இரண்டு அடுக்கு ரோமம். உள்ளே கம்பளி போன்ற மெல்லிய, அடர்ந்த உள்முடி. காற்றைப் பிடித்து வைத்து உடல் வெப்பத்தைக் காப்பது அதன் வேலை. வெளியே நீண்டு விறைத்த மேல்முடி. தண்ணீரையும் அழுக்கையும் வழுக்கி விழச் செய்து, வெயிலைத் தோலுக்கு எட்டாமல் தடுக்கும். மேல்முடி மினுமினுப்பாக இருந்தால் எல்லாம் சரி என்று தோன்றும். உதிர்ந்த உள்முடி வெளியே வர வழியில்லாமல் அடியில் சிக்கிச் சடையாகிக்கொண்டிருப்பது தெரியாது.

கருவிகள்: நுனி மழுங்கிய நீளமான கம்பிகள் கொண்ட ஸ்லிக்கர் பிரஷ், உலோகச் சீப்பு, உதிரும் பருவத்துக்கு, உள்முடியை வாரி எடுக்கும் அண்டர்கோட் ரேக், தண்ணீர் தெளிக்கும் குப்பி. முடிந்தால், நாய்களுக்கென்றே வரும் வேகமான காற்று டிரையர். இதில் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் சீப்பைத்தான் சொல்வேன். பிரஷ் மேலே வழுக்கிக்கொண்டு போய் ஏமாற்றும். சீப்பு சிக்கு இருக்கும் இடத்தில் நின்றுவிடும்.

சீவும் முறை இப்படி:

நாயைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். ரோமத்தின் மேல் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். முழுக்கக் காய்ந்த முடியைச் சீவினால் நுனி உடையும். பின்னங்காலின் கீழிருந்து தொடங்குங்கள். இடது கையால் ரோமத்தை மேல்பக்கமாக ஒதுக்கிப் பிடித்தால் அடியில் வகிடு மாதிரி தோல் தெரியும். அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள மெல்லிய வரிசையை மட்டும் சீவுங்கள். அது சுத்தமானதும் ஒரு விரல் அகலம் மேலே நகர்ந்து அடுத்த வகிடு. இப்படியே முதுகு வரை, அப்புறம் மறுபக்கம். ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் சீப்பை அடி முதல் நுனி வரை ஓட்டுங்கள். தடையில்லாமல் போனால்தான் அந்த இடம் முடிந்ததாகக் கணக்கு.

ஸ்லிக்கர் பிரஷ்ஷை அழுத்தினால் தோல் சிவந்து புண்ணாகும். எவ்வளவு அழுத்தலாம் என்று சந்தேகம் வந்தால் உங்கள் முன்கையின் உட்பக்கத்தில் தேய்த்துப் பாருங்கள். உங்களுக்கு எரிந்தால் அதற்கும் எரியும்.

சிக்கு முதலில் பிடிக்கும் இடங்கள்: காதுக்குப் பின்புறம், அக்குள், தொடையின் பின்பக்கக் குஞ்சம், வாலின் அடி, கழுத்துப்பட்டையும், நெஞ்சைச் சுற்றி மாட்டும் ஹார்னஸும் உரசும் கோடு. முழுதாகச் சீவ நேரமில்லாத நாளில் இந்த இடங்களை மட்டுமாவது விரலால் துழாவிப் பாருங்கள்.

சிறு சடையாக இருந்தால் தோலோடு ஒட்டிய அடிப்பகுதியை விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியுங்கள். அடியைப் பிடித்தால் இழுப்பு தோலுக்குப் போகாது. கத்தரிக்கோலை எடுக்கவே வேண்டாம். சடைக்குள் தோல் மேலே இழுபட்டு நிற்கும். முடி என்று நினைத்துத் தோலை வெட்டிவிடுவோம். பெரிய சடையை, நாய்களுக்கு முடி சீர்செய்யும் க்ரூமரோ கால்நடை மருத்துவரோ மெஷினால் எடுக்கட்டும்.

முடி கொட்டும் பருவம் வேறு கதை. ஆண் நாய்களுக்குப் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு முறை. கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்குப் பருவச் சுழற்சியை ஒட்டி இரண்டு முறைகூட வரலாம். உள்முடி கொத்துக் கொத்தாகப் பிய்ந்து வெளியே தொங்கும். சில வாரங்களுக்குத் தினமும் ரேக் போட்டு எடுக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டி டிரையரால் ஊதினால் வேகமாக முடியும். ஒரு தடவை சீவினாலே இன்னொரு நாய் செய்யலாம் போல முடி குவியும். அதைச் சேர்த்து நூலாக நூற்று ஸ்வெட்டர் பின்னுகிறவர்களும் இருக்கிறார்கள். நல்ல கதகதப்பாக இருக்குமாம்.

குட்டி ரோமம் மாறிப் பெரிய ரோமம் முளைக்கும் காலமும் கவனத்துக்குரியது. ஆறு மாதத்துக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். பழையது உதிரும்போதே புதியது வளர்வதால் வழக்கத்தைவிட வேகமாகச் சிக்குப் பிடிக்கும்.

குளியல்: ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை போதும். இந்த இனத்துக்கு நாய் வாடை குறைவு. காய்ந்த சேறு சீவும்போது தானாகவே உதிர்ந்துவிடும். குளிப்பாட்டும் முன் கட்டாயம் சீவிவிடுங்கள், தண்ணீர் பட்டால் சிக்கு இறுகிவிடும். நாய் ஷாம்பூவைத் தண்ணீரில் கலந்து, தோல் வரை போகிறதா என்று விரலால் துழாவிக்கொண்டே ஊற்றுங்கள். நுரை போன பிறகும் இன்னொரு முறை அலசுங்கள்.

உலர்த்துவதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். துண்டால் தேய்க்காமல் அழுத்தி ஈரத்தை எடுங்கள். பிறகு சூடில்லாத காற்றால் அடிவரை உலர்த்துங்கள். மேலே காய்ந்து பஞ்சாக எழும்பியதும் முடிந்தது என்று தோன்றும். விரல்களை வேர்வரை விட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. உள்முடியில் தங்கும் ஈரம் ஒரே இரவில் தோலைச் சிவக்கவைத்து, நீர் கசியும் புண்ணாக்கிவிடும்.

வெயில் காலம் வந்ததும் 'பாவம், மொட்டை அடித்துவிடலாமே' என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். வெயில் நேராகத் தோலில் படும். உள்முடி முதலில் வளர்ந்து மேல்முடி பின்தங்குவதால் திரும்ப வரும் ரோமம் திட்டுத் திட்டாக இருக்கும். சில நாய்களுக்குச் சில இடங்களில் வெகுகாலம் வளராமலே போவதும் உண்டு. பாதத்தின் விரலிடுக்கு, கணுக்காலின் பின்புறம், ஆசனவாயைச் சுற்றி என இந்த இடங்களில் மட்டும் வெட்டிச் சீர் செய்யலாம். அறுவை சிகிச்சைக்காக மழிப்பது வேறு விஷயம்.

சீவி முடித்ததும் எழுந்து போய்விடாதீர்கள். பத்து விரல்களையும் ரோமத்துக்குள் விட்டுத் தலையிலிருந்து வால் வரை ஒரு முறை தடவி வாருங்கள். கட்டி, பொருக்கு, தொட்டால் சிலிர்க்கும் இடம், உண்ணி எல்லாம் அப்போதுதான் அகப்படும். உண்ணி இருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய் விடுவதும் சூடு வைப்பதும் வேண்டாம்.

வீட்டில் பறக்கும் முடியைப் பற்றி: வேக்குவம் கிளீனரும் கறுப்பு உடை இல்லாத அலமாரியும் உதவும். வேறு வழி கிடையாது.

படி 5: உடலுக்கு வேலை

ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு வேளை வேகமான நடையோ ஓட்டமோ. இன்னொரு வேளை நாய் தன் போக்கில் மோப்பம் பிடித்துத் திரியும் நிதானமான நடை. மோப்பம் பிடிப்பது நேர விரயம் என்று நினைக்க வேண்டாம். அரை மணி நேரம் முகர்ந்து திரிந்த நாய் வீட்டுக்கு வந்து படுத்துத் தூங்குவதைப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

குட்டிகளுக்கு விதி வேறு. எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூடுவதற்கு 12 முதல் 18 மாதம் ஆகும். அதுவரை சைக்கிளுக்குப் பக்கத்தில் ஓடவிடுவது, உயரத்திலிருந்து குதிக்கவைப்பது, கடினமான தரையில் நீண்ட ஓட்டம் எதுவும் கூடாது. புல்தரையில் தானாக ஓடி, களைத்தால் தானாக நிற்கும் விளையாட்டு போதும்.

வளர்ந்த பிறகு, பிறவியிலேயே இருக்கும் இழுக்கும் ஆசைக்கு ஒரு வழி கொடுங்கள். இடுப்பில் கட்டிய கயிற்றோடு மனிதரும் நாயும் சேர்ந்து ஓடும் கேனிகிராஸ் இதற்கு அருமையானது. குளிர்ந்த வேளையில் மட்டும்.

ஒரு எச்சரிக்கை. களைப்பாக்கினால் அடங்கும் என்று ஓட்டத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், இன்னும் அதிகம் ஓடக்கூடிய நாய்தான் உருவாகும். சும்மா இருக்கவும் பழக்க வேண்டும். ஒரு பாயை விரித்து, அதில் அமைதியாகப் படுக்கும்போதெல்லாம் சத்தமில்லாமல் ஒரு தின்பண்டத்தை வைத்துவிட்டு நகருங்கள்.

படி 6: பயிற்சி

சமோயெட்டைப் பிடிவாதக்காரன் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சொன்னதைப் புரிந்துகொள்கிறது, பிறகு 'எனக்கு என்ன கிடைக்கும்' என்று யோசிக்கிறது. அவ்வளவுதான். ஐந்து நிமிடம் வீதம் நாளில் சில தடவை, நல்ல சன்மானத்தோடு சொல்லிக்கொடுங்கள். ஒரே விஷயத்தைப் பத்துத் தடவை செய்யச் சொன்னால் நான்காவது தடவை எழுந்து போய்விடும்.

இழுத்துக்கொண்டு போவதுதான் முதல் புகார். கயிறு இறுகியதும் நில்லுங்கள், தளர்ந்ததும் நடங்கள். முதல் சில நாள் தெருமுனையைக்கூடத் தாண்ட மாட்டீர்கள். நடைக்கு நெஞ்சில் கொக்கி உள்ள ஹார்னஸ், இழுக்கும் விளையாட்டுக்கு முதுகில் கொக்கி உள்ள வேறொரு ஹார்னஸ் என்று பிரித்துவிட்டால் எப்போது இழுக்கலாம் என்பதை அது உடையை வைத்தே கண்டுகொள்ளும்.

குரைப்பதற்கு முதலில் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக் குரைத்தால் ஜன்னலின் கீழ்ப்பாதியை மறைத்துவிடுங்கள். கவனம் கேட்டுக் குரைத்தால் அமைதியாகும் நொடியில் திரும்பிப் பாருங்கள். மின்சார அதிர்ச்சி தரும் பட்டைகள் பயத்தைத்தான் வளர்க்கும்; சமயத்தில் அந்தப் பயம் கடியாக மாறும்.

தோண்டுவதை நிறுத்த முடியாது, இடம் மாற்ற முடியும். ஒரு மூலையில் மணல் குழி அமைத்து அதில் பொம்மைகளைப் புதைத்து வையுங்கள். அப்புறம், கூப்பிட்டதும் திரும்பி வரும் என்று நம்பி வேலியில்லாத இடத்தில் அவிழ்த்துவிடாதீர்கள். ஓடும் அணிலைக் கண்டால் உங்கள் குரல் அதன் காதில் விழாது.

படி 7: வெப்பம்

நாய்க்கு வியர்ப்பது பெரும்பாலும் பாதத்தில் மட்டுமே. மற்றபடி மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். காற்றில் ஈரப்பதம் அதிகமானால் அதுவும் சரியாக வேலை செய்யாது. ஆகவே வெப்பமானியை மட்டும் பார்க்காமல் புழுக்கத்தையும் பாருங்கள். வெப்பமான நாட்களில் நடை விடியும் முன்பும் இருட்டிய பிறகும்தான். தரையில் புறங்கையை ஏழு நொடி வைத்துப் பாருங்கள். தாங்க முடியாவிட்டால் அதன் பாதத்துக்கும் தாங்காது. பகலில் குளிர்ந்த அறை, நிழல், எந்நேரமும் தண்ணீர். நிறுத்திய காருக்குள் ஐந்து நிமிடம்கூட விட வேண்டாம். கடும் வெயில் நீளும் ஊரில் ஏ.சி. இல்லாமல் இந்த நாயை வளர்க்க நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறக்குறைய 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. அடங்காத இரைப்பு, கெட்டியான எச்சில், சிவந்த ஈறு, தள்ளாட்டம், வாந்தி ஆகியவை அறிகுறிகள். அப்போது முதலில் குளிர்வியுங்கள், அப்புறம் மருத்துவமனை. நிழலுக்குக் கொண்டுபோய் உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றுங்கள். மேல்முடி தண்ணீரை வழித்து விட்டுவிடும் என்பதால் ரோமத்தைக் கையால் பிரித்துத் தோல் வரை நனைய வேண்டும். கூடவே விசிறியோ காற்றோ வேண்டும். ஈரத் துண்டைப் போர்த்தி வைக்காதீர்கள்; கொஞ்ச நேரத்தில் அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். காரில் போகும்போதும் ஏ.சி. ஓடட்டும். தெளிந்துவிட்டது போல் தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும், உள்ளுறுப்பு பாதிப்பு பின்னால்தான் தெரியவரும்.

படி 8: சாப்பாடும் எடையும்

குட்டிக்கு நாளுக்கு மூன்று நான்கு வேளை, வளர்ந்த நாய்க்கு இரண்டு வேளை. வயதுக்கேற்ற முழுமையான உணவாக இருக்கட்டும். தின்பண்டங்கள் நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பயிற்சிக்குக் கொடுப்பதும் இதில் சேர்த்திதான்.

எடையைக் கண்ணால் மதிப்பிடவே முடியாது. விலாவில் கையை வைத்துத் தோல் வரை அழுத்திப் பாருங்கள். கையை விரித்துப் புறங்கையைத் தடவினால் எலும்பு எப்படித் தட்டுப்படுமோ, விலா எலும்பு அப்படித் தட்டுப்பட வேண்டும். முஷ்டி மடக்கியபோது தெரியும் கணு போல் துருத்தினால் மெலிவு. உள்ளங்கைச் சதை போல் எலும்பே தட்டாவிட்டால் பருமன். மாதம் ஒரு முறை தராசிலும் நிறுத்துங்கள்.

சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, மெக்கடேமியா கொட்டை, சைலிட்டால் என்ற செயற்கை இனிப்பூட்டி சேர்ந்த இனிப்புகள் எல்லாம் நாய்க்கு நஞ்சு. தின்றுவிட்டால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரை அழையுங்கள்.

படி 9: பல், நகம், காது

பல்லைத் தினமும், முடியாவிட்டால் ஒன்றுவிட்டு ஒரு நாள், நாய்களுக்கான பேஸ்ட்டால் தேயுங்கள். மனிதர்களின் பேஸ்ட் வேண்டாம். நடக்கும்போது தரையில் நகம் டக் டக்கென்று கேட்டால் வெட்ட நேரமாகிவிட்டது. தரையில் தேயாத கட்டைவிரல் நகத்தை ரோமம் மறைத்துவிடும்; தேடிப் பிடித்து வெட்டுங்கள். காதை வாரம் ஒரு முறை பார்த்து முகர்ந்தால் போதும். வாடையோ கருத்த அழுக்கோ இருந்தால் மருத்துவர் பார்க்கட்டும்.

படி 10: எதைக் கண்டால் மருத்துவரிடம் போவது

நீரிழிவு நோய் அதிகம் தாக்கும் இனங்களில் சமோயெட்டும் ஒன்று; நடுத்தர வயதில் தொடங்கலாம். நிறையத் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழித்து, நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்தால் சந்தேகப்படுங்கள். மெலிவதை ரோமம் மறைத்துவிடுவதால் தண்ணீர்தான் முதல் சாட்சி. காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் மீதியை அளங்கள். ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிலிட்டருக்கு மேல், அதாவது 25 கிலோ நாய் இரண்டரை லிட்டருக்கு மேல் குடித்தால் சர்க்கரையோ சிறுநீரகமோ வேறு எதுவோ, பரிசோதனை வேண்டும். நீரிழிவு உள்ள நாய்க்குக் கண்புரை வேகமாக வரும். இன்சுலின் ஊசி ஒழுங்காகப் போட்டால் நன்றாகவே வாழும்.

மூக்கின் நிறம் பலரைக் குழப்பும். குளிர் காலத்தில் கறுப்பு மூக்கு வெளுத்து இளஞ்சிவப்பாவது இந்த இனத்தில் சகஜம், பயமில்லை. ஆனால் மூக்கோடு உதடும் கண்ணிமையும் நிறமிழந்து, கூடவே கண் சிவந்து கூசினால் அது நோய் எதிர்ப்பு மண்டலம் தன் நிறமிகளையே தாக்கும் கோளாறாக இருக்கலாம். பார்வையையே பறிக்கக்கூடியது, அன்றைக்கே காட்டுங்கள். பொதுவாகவே சிவந்த, கலங்கிய, வலிக்கும் கண்ணுக்கு மறுநாள் என்று ஒன்று கிடையாது.

பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் போலத் துள்ளி ஓடுவது, படியேறத் தயங்குவது இடுப்பு மூட்டுக் கோளாறாக இருக்கலாம். ரோமம் மங்கி, மந்தமாகி, சாப்பாடு கூடாமலே எடை கூடினால் தைராய்டைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

படி 11: வேறொருவரிடம் விட்டுச் செல்லும்போது

க்ரூமரிடமோ பராமரிப்பு இல்லத்திலோ விடும்போது நான்கு விஷயங்களை எழுத்தில் கொடுங்கள், வாய்மொழி மறந்துபோகும். ரோமத்தை மழிக்கக் கூடாது, என்ன காரணமானாலும் முதலில் தொலைபேசியில் கேட்க வேண்டும். டிரையரில் சூடு வேண்டாம். வேலியில்லாத இடத்தில் கயிற்றை அவிழ்க்கக் கூடாது. உணவளவு, மருந்து, மருத்துவரின் எண். வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று மாலையே அக்குள், காதுக்குப் பின்புறம், வாலடி மூன்றையும் விரலால் துழாவிப் பார்த்துவிட்டுச் சீப்பை எடுங்கள்.